இருதயம் எடுக்கும் பங்கு



உங்கள் கையை இறுக மூடிப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு பெரியதுதான் உங்கள் இருதயம். அது நிமிஷத்துக்குச் சுமார் 70 தடவை துடித்து, ஐந்து லிட்டர் இரத்தத்தை வெளியே தள்ளுகிறது. நம் சரீரத்திலுள்ள மொத்த இரத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்! இப்படிப்பட்ட கணக்கொன்றைப் போட்டுத்தான், இரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர் 1628-ல் எழுதினார்.

சரீரமெங்கும் சென்று களைத்துத் திரும்பும் இரத்தம், இருதயத்தின் வலது மேலறைக்கு வந்து, கீழறையில் இறங்கி, சுவாசப்பைகளுக்குப் போகிறது. அங்கே பிராணவாயுவைப் பெற்று இடது மேலறைக்கு வந்து, கீழறையில் இறங்கி, பெருந்தமனி வழியாக எங்கும் பாய்கிறது. வந்த வழியே திரும்பாதபடி நான்கு வால்வுகள் காவல் நிற்கின்றன. அவற்றில் ஒன்று மேற்றிராணியார் அணியும் முடியைப் போலிருப்பதால், அதன் பெயராலேயே மைட்ரல் வால்வு எனப்படுகிறது.

இனிமேல்தான் விசேஷம். தன் அறைகளில் இவ்வளவு இரத்தம் ஓடினாலும், இருதயத்தின் கனத்த தசை அதிலிருந்து நேராகப் போஷாக்குப் பெறுவதில்லை. பெருந்தமனி புறப்பட்டவுடனே அதன் முதல் கிளைகளாகக் கரோனரி நாளங்கள் இரண்டு பிரிந்து, இருதயத்துக்கே திரும்புகின்றன. மூளைக்குப் போகுமுன், வயிற்றுக்குப் போகுமுன், இருபதில் ஒரு பங்கை இருதயம் தனக்கென எடுத்துக்கொள்கிறது.

இது சுயநலமா?

நம் வீடுகளைப் பாருங்கள். எல்லாரும் உண்டு எழுந்தபின், சட்டியின் அடியிலிருப்பதில் தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்கிறாள் ஒரு தாய். அதைத் தியாகம் என்று புகழ்கிறோம். புகழ்கிற நமக்கு அதில் எவ்வளவு சௌகரியம்!

"இருதயத்துக்குப் புத்தி ஏது, புண்ணியம் ஏது? தசையைக் காட்டித் தாய்க்கு நியாயம் சொல்லலாமா?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். பஞ்சகாலத்தில் கடைசிப் பிடிச் சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டுகிறவளைப் பற்றி நான் பேசவில்லை. அவள் முன் நான் வாய் திறக்க மாட்டேன். பானையில் சோறு இருக்கும் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். கரோனரி நாளம் அடைபட்டால், அறைகள் நிறைய இரத்தம் இருந்தும் தசை பட்டினியால் சாகிறது. அதைத்தான் மாரடைப்பு என்கிறோம். இருதயத்துக்குக் கிடைக்காத பங்கினால் மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ லாபமில்லை. அடுத்தபடி தவிப்பவை அவைதான்.

இன்னொன்று. இருதயம் இறுகும்போது தன் நாளங்களையே நெருக்கிவிடுகிறது. ஆகையால் இடது கீழறையின் தசைக்குப் பெரும்பாலான இரத்தம் கிடைப்பது, இரண்டு துடிப்புகளுக்கு நடுவே அது தளரும் அரை விநாடியில்தான். துடிப்பு வேகமாக ஆக, அந்த ஓய்வுதான் முதலில் குறைகிறது. "உட்கார நேரமில்லை" என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே என் தாயாரிடம் விளக்கமாய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா?" என்றார்கள். நானும் தட்டை நீட்டினேன்.