தட்சிணையும் சம்பளமும்

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வியை முடித்துக் குருகுலத்திலிருந்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் வழங்கும் இறுதி உபதேசம் இடம்பெற்றுள்ளது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் சிலவற்றிலும் அது ஓதப்படுவதுண்டு. ஆசிரியரைத் தெய்வமாகக் கொள்ள வேண்டும் என்று அதில் வரும் கட்டளையை அறியாதவர் இல்லை. ஆனால் அதற்கு முன்பாகவே, உபதேசத்தின் தொடக்கப் பகுதியிலேயே வரும் மற்றொரு கட்டளை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆசாரியருக்குப் பிரியமான பொருளைத் தேடிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; அதன்பிறகே மாணவன் இல்லறம் புகுந்து குலத்தொடர்ச்சியைக் காக்க வேண்டும் என்பது அது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் பொருள் கொடுக்கச் சொல்லப்படுகிறது. தெய்வமாகக் கருதச் சொல்வது பின்னர்தான் வருகிறது. ஆசாரியருக்கும் பசி உண்டு, அவருக்கும் குடும்பம் உண்டு என்பதை ரிஷிகள் மறைத்துப் பேசவில்லை. பொருள் கொடுப்பதைத் தவிர்த்துவிட்டுப் பூஜை மட்டும் செய்ய நினைப்பவனுக்கு இந்த உபதேசத்தில் இடமில்லை.

இந்தியாவில் 1962 முதல், டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. குருவை மும்மூர்த்திகளாகப் போற்றும் சுலோகம் அன்று பல பள்ளிகளில் ஒலிக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இந்தச் சுலோகத்தைக் குறிப்பிட்டுப் பேச நேர்ந்தது. குஜராத் அரசுக் கல்லூரிகளில் ஒப்பந்த முறையில் பணியாற்றிய உதவிப் பேராசிரியர்களின் வழக்கு அது. அவர்களுக்கு மாதம் 30,000 ரூபாய். அதே பணியைச் செய்த நிரந்தர ஆசிரியர்களுக்கோ ஒரு லட்சத்துக்கும் மேல். விழாக்களில் இந்தச் சுலோகத்தை ஓதிக்கொண்டே இருந்தால் போதாது, அதில் உண்மையான நம்பிக்கை இருந்தால் அது ஆசிரியர்களை நாடு நடத்தும் விதத்தில் வெளிப்பட வேண்டும் என்று நீதிபதிகள் கூறினர். கல்லூரி ஆசிரியர்களை முன்னிட்டுக் கூறப்பட்ட இச்சொல், பள்ளி ஆசிரியர்களின் நிலையை நோக்கும்போது இன்னும் கூர்மையாகிறது.

ஒரே வகுப்பறை, இரு வேறு ஊதியங்கள்

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஊதியம் குறைவு என்று ஒரு சாரார் வருந்துகின்றனர். அவர்களுக்கு அளவுக்கு மீறித் தரப்படுகிறது என்று மற்றொரு சாரார் சலித்துக்கொள்கின்றனர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016 முதல் கேந்திரிய வித்யாலயத்தில் புதிதாகச் சேரும் தொடக்கநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் மட்டுமே 35,400 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. படிகள் தனி. கிராமத்தில் விவசாயக் கூலி பெறுபவரின் பார்வையில் இது செல்வம்தான். ஆனால் அதே தொடக்கக் கல்வியை, அதே வயதுக் குழந்தைகளுக்கு, வேறு பெயரில் கற்பித்து வருபவர்கள் லட்சக்கணக்கில் உள்ளனர். சிக்ஷா மித்ரா, சிக்ஷா கர்மி, நியோஜித ஆசிரியர், பகுதிநேர ஆசிரியர் என மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். பெயர்கள் கௌரவமானவை. கையில் கிடைப்பதோ தொகுப்பூதியம் அல்லது மதிப்பூதியம்.

உத்தரப் பிரதேசத்தில் சிக்ஷா மித்ராக்களாக இருந்து பின்னர் உதவி ஆசிரியர்களாக நிரந்தரமாக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நியமனம் செல்லாது என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதித் தேர்வில் தேறாதவர்களை ஆசிரியர்களாக நியமிப்பது கல்வி உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்பது காரணம். தகுதியுள்ள ஆசிரியரைப் பெறுவது குழந்தையின் உரிமை. அதில் மறுப்புக்கு இடமில்லை. ஆயினும் பல்லாண்டுகள் வகுப்பறைகளைத் தாங்கி நின்றவர்கள் மீண்டும் மதிப்பூதியத்துக்குத் திரும்பினர். அவ்வாண்டு மாநில அரசு அதனை 10,000 ரூபாயாக நிர்ணயித்தது. பீகாரில் ஊராட்சிகளால் நியமிக்கப்பட்ட சுமார் மூன்றரை லட்சம் ஆசிரியர்கள் சமவேலைக்குச் சமஊதியம் கேட்டனர். 2017-ல் பாட்னா உயர் நீதிமன்றம் வழங்கிய சாதகமான தீர்ப்பை 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023-ல் வந்த புதிய விதிகள்தாம், தேர்வு எழுதி அரசு ஊழியராகும் வாய்ப்பை அவர்களுக்குத் திறந்தன. தமிழகத்திலும் 2009 மே 31-க்கு முன் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு 8,370 ரூபாய், மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200 ரூபாய் என அடிப்படை ஊதியம் பிரிந்தது. ஓர் இரவின் இடைவெளிக்கு இவ்வளவு விலை.

எனவே ஆசிரியருக்கு நியாயமான ஊதியம் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சிலருக்குக் கிடைக்கிறது. அவர்களுக்கு அடுத்த வகுப்பறையில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

வித்தையை விற்கலாமா?

ஊதியம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பக்தி உள்ளவர்களே ஒரு தடையை எழுப்புவதுண்டு. கல்வி தானமாக வழங்கப்பட வேண்டியது, கூலிக்குக் கற்பிப்பவன் கல்வி வணிகன் என்று காளிதாசரே கூறவில்லையா என்பர். மாளவிகாக்னிமித்திரம் நாடகத்தின் முதல் அங்கத்தில் அத்தகைய கருத்து வருவது மெய்யே. ஆனால் அதைக் கூறும் கணதாசர் யார்? அக்னிமித்திர மன்னனின் அரண்மனையில் சம்பளம் பெறும் நாட்டிய ஆசிரியர். தம் வித்தையைச் சபையில் சோதித்துப் பார்க்க அவர் தயாராக நிற்கும் வேளையில் அச்சொல் பிறக்கிறது. வேலை கிடைத்துவிட்டது என்ற நிறைவில், பிறர் இகழ்ந்தாலும் பொறுத்துக்கொண்டு, விவாதத்துக்கு அஞ்சி ஒதுங்குபவனையே அவர் வணிகன் என்கிறார். பிழைப்புக்காக 'மட்டுமே' கற்றவன் என்ற அந்த 'மட்டும்' முக்கியமானது. சம்பளம் பெறுவதை அவர் இகழவில்லை. இகழ்ந்திருந்தால் முதலில் தம்மையே இகழ்ந்திருக்க வேண்டும்.

துரோணரின் வறுமை

ஆசிரியரைப் பட்டினி போடும் சமுதாயத்துக்கு என்ன நேரும் என்பதை மகாபாரதம் ஒரு குழந்தையிடமிருந்து தொடங்கிக் காட்டுகிறது.

செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் குடிப்பதைக் கண்டு அசுவத்தாமன் அழுகிறான். ஒரு பசுவைத் தேடித் தந்தை துரோணர் ஊர் ஊராக அலைகிறார், கிடைக்கவில்லை. திரும்பி வந்து பார்க்கும்போது மற்றச் சிறுவர்கள் மாவை நீரில் கரைத்துக் கொடுத்திருக்கின்றனர். அதைப் பால் என்று நம்பிக் குடித்த குழந்தை, தானும் பால் குடித்துவிட்டதாகக் கூத்தாடுகிறான். சுற்றி நின்றவர்கள் நகைக்கின்றனர். வில்வித்தையில் தமக்கு நிகரில்லாத ஒரு மகா ஆசாரியர் இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பின்னாளில் இதைப் பீஷ்மரிடம் அவரே தம் வாயால் கூறுகிறார் என்றால் அந்தக் காயம் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும்!

அதன்பின் நடந்தவை அனைவரும் அறிந்தவை. உடன்பயின்ற துருபதனிடம் செல்கிறார். ஏழைக்கும் அரசனுக்கும் நட்பு ஏது என்று அவமதிக்கப்படுகிறார். அஸ்தினாபுரம் அவருக்கு வீடும் தானியமும் பொருளும் தருகிறது. அன்றிலிருந்து அவர் அந்த அரண்மனையின் ஆசாரியர். வேடச் சிறுவன் ஏகலைவன் வந்தபோது மறுக்கிறார். பின்னர் அவனது கட்டைவிரலையே கேட்கிறார். திரௌபதி சபைக்கு இழுத்து வரப்பட்டபோது அவரால் அதைத் தடுக்க இயலவில்லை. குருக்ஷேத்திரத்தில் போர் தொடங்கும் முன் ஆசி பெற வந்த யுதிஷ்டிரரிடம், மனிதன் பொருளுக்கு அடிமை, கௌரவர்களின் பொருளால் தாம் கட்டப்பட்டிருப்பதாக மனம் திறந்து கூறுகிறார்.

வறுமையைக் காரணம் காட்டித் துரோணரின் செயல்களை வியாசர் நியாயப்படுத்தவில்லை. அந்தக் கட்டைவிரலுக்கு மன்னிப்பு இல்லை. ஆனால் ஒரு கேள்வியை அவர் வாசகரிடம் விட்டுச் செல்கிறார். அந்தக் குழந்தைக்கு உரிய காலத்தில் ஒரு பசு கிடைத்திருந்தால்? ஒரு பசுவைக் கொடுக்க மனமில்லாத சமுதாயம், பின்னர் அந்த ஆசிரியரின் சுதந்திரத்தையே இழந்தது. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதை எதிர்பார்த்து, உள்ளூர்ப் பெரிய மனிதரின் முகக்குறிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியரால், அப்பெரிய மனிதரின் மகனையும் கூலித் தொழிலாளியின் மகனையும் ஒன்றாக நடத்த எளிதில் இயலுமா? ஊதியம் என்பது கற்பித்தலுக்குக் கொடுக்கும் விலையன்று. அஞ்சாமல் கற்பிக்க ஆசிரியருக்குச் சமுதாயம் அளிக்கும் அபயம் அது.

மதிப்பு எங்கே தெரிகிறது?

ஊதியம் ஒருபுறமிருக்க, ஆசிரியரின் காலத்துக்கு மதிப்பளிப்பது மற்றொரு கடன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்கிறது. விதிவிலக்குகளே பெரியவை. அவற்றுக்கு அப்பாலும் படிவங்கள், பதிவேடுகள், கணக்குகள் என்று பள்ளிக்குள்ளேயே எழுத்தர் வேலை குவிகிறது. ஒரே ஆசிரியரைக் கொண்டு நடக்கும் பள்ளிகள் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேல் உள்ளன. அந்த ஒருவர் கூட்டத்துக்குச் சென்றால் அன்று பள்ளியே இல்லை.

ஆசிரியர்கள் பள்ளிக்கு வருவதில்லை என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே நோக்கலாம். அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்வையிட்டு 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 18 அல்லது 19 ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை என்று கண்டது. ஆனால் காரணமின்றி வராதவர் இரண்டரை சதவீதமே; மற்றவர் விடுப்பிலோ அலுவல் பணியிலோ இருந்தனர். பிள்ளைகளுக்கு உரிய நேரத்தை எடுத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டு, ஆசிரியரைக் காணோம் என்று குறைகூறுவது நேர்மையாகாது.

2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அரசு அலுவலர்களும் மக்கள் பிரதிநிதிகளும் தம் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே சேர்க்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. மதிப்பு மாலையில் தெரிவதில்லை, சேர்க்கைப் பதிவேட்டில்தான் தெரிகிறது என்பதை அந்நீதிமன்றம் நன்கு உணர்ந்திருந்தது போலும்.

இரண்டும் வேண்டியே

இத்தனைக்கும் பிறகு மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும். இந்தோனேசியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், சான்று பெற்ற ஆசிரியர்களின் ஊதியம் இரட்டிப்பாக்கப்பட்டது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வின்படி அவர்களின் பணக்கவலை குறைந்தது, வேறு வேலை தேடுவது குறைந்தது. ஆனால் மாணவர்களின் கற்றல் உயரவில்லை. ஆந்திரக் கிராமப்புறங்களில் நடந்த ஆய்வொன்று, மிகக் குறைந்த ஊதியம் பெற்ற ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களைவிடக் குறைவாகவே விடுப்பு எடுத்ததைக் கண்டது. இதைக் காட்டி, குறைவாகக் கொடுத்தாலே போதும் என்று வாதிடுவோர் உண்டு. ஒருவரின் நல்ல மனத்தைக் காரணமாக்கி அவருக்கு உரியதைக் குறைப்பது தர்மமன்று. ஆனால் ஊதியத்தைக் கூட்டினால் சிரத்தை தானே வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் பேதைமை. சிரத்தை ஆசிரியரின் உள்ளத்திலிருந்து வர வேண்டியது.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஆசிரியராகத் தகாதவருக்குக் கூறும் உவமைகளுள் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் நீர் ஊற்றி வளர்க்க, வளைந்த தென்னை அடுத்தவர் தோட்டத்தில் காயை உதிர்க்கும். மக்களின் வரிப்பணத்தில் ஊதியம் பெற்றுக்கொண்டு, வகுப்பறையில் பாதியை வைத்து, மீதியை மாலைத் தனிப்பயிற்சியில் கட்டணத்துக்குக் கொடுக்கும் ஆசிரியரை இதைவிடத் தெளிவாகச் சித்திரிக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்தது 2009-ல்தான். முனிவர் அதைச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார்.

பிருஹதாரண்யக உபநிஷதத்தின் நான்காம் அத்தியாயம் விதேக மன்னர் ஜனகரின் சபையில் தொடங்குகிறது. யாக்ஞவல்கியர் வருகிறார். பசுக்களை விரும்பி வந்தீர்களா, நுண்ணிய கேள்விகளை விரும்பி வந்தீர்களா என்று மன்னர் வினவுகிறார். இரண்டுக்காகவும்தான் என்கிறார் முனிவர், சற்றும் கூச்சமின்றி. பிறர் கற்பித்ததை மன்னர் கூற, அதில் விடுபட்டதை முனிவர் நிரப்புகிறார். மகிழ்ந்த மன்னர் உடனே ஆயிரம் பசுக்களைத் தருவதாகக் கூறுகிறார். சீடனுக்கு முழுமையாகக் கற்பிக்காமல் பொருள் பெறலாகாது என்பது தம் தந்தையின் கொள்கை என்று யாக்ஞவல்கியர் ஏற்க மறுத்துவிட்டு மேலும் கற்பிக்கிறார். இவ்வாறு ஆறு முறை நடக்கிறது. பாடம் முடியட்டும், பிறகு கொடுக்கலாம் என்று ஜனகர் ஒருமுறையும் நினைக்கவில்லை. இவ்வளவு தருகிறாரே, இதுவே போதும் என்று யாக்ஞவல்கியரும் ஒருமுறையும் நிறுத்தவில்லை. ஆறாவது முறைக்குப் பிறகு ஜனகர் தம் ஆசனத்திலிருந்து இறங்கி வந்து முனிவரை வணங்கி, எனக்குக் கற்பியுங்கள் என்று வேண்டுகிறார்.