அடைக்கலப் பொருள்

ஒரு முதியவரின் மூன்று மாத வங்கி ஸ்டேட்மென்டை வரி வரியாக வாசித்தால் அவருடைய பக்தி தெரிந்துவிடும். எந்தக் கோயிலுக்கு மாதாமாதம் எவ்வளவு போகிறது, ஊரில் யாருக்குக் காசு அனுப்புகிறார், மகனுக்குத் தெரியாமல் எந்தக் கிழமை லொத்தர் டிக்கெட் வாங்குகிறார், எல்லாம் அதில் இருக்கும். லண்டனின் வடமேற்கில் ஒரு சங்க மண்டபத்தில் சனிக்கிழமைகளில் மேசை போட்டு உட்கார்ந்து வயதானவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவள் நான். வடமராட்சியில் படிப்பித்த காலத்துப் பழக்கம், எழுத்து எங்கே இருந்தாலும் வாசித்துவிடுவேன். அதனால்தான் ஒரு ஐயா அந்தத் தாள்களைக் கொடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி எனக்கு உடனே விளங்கியது.

“ரீச்சர், குளிக்கிற தொட்டியை எடுத்துப்போட்டு ஷவர் பூட்டித் தரச் சொல்லித்தானே கேட்டனான். அதுக்கு ஏன் நான் கோயிலுக்குக் குடுத்த காசைப் பாக்கோணும்?”

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நடக்க, குளிக்க, மாடிப்படி ஏற முடியாதவர்களின் வீட்டை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்க இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் கவுன்சில் மானியம் தருகிறது. 30,000 பவுண் வரை. தகுதி இருந்தால் மறுக்க முடியாது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 6 மாதத்துக்குள் பதில் சொல்லவேண்டும். கூரை ஒழுகுகிறது, சுவர் ஈரம் ஊறுகிறது என்பதற்கான திருத்த வேலை உதவி வேறு. அது அந்தந்தக் கவுன்சிலின் விருப்பம்.

அந்த 30,000 பவுண் மானியத்துக்கு வயதுவந்த ஒருவர் விண்ணப்பித்தால் வருமானமும் சேமிப்பும் கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் அவருடையதும் துணையுடையதும் மட்டும்தான். ஒரே வீட்டில் இருக்கும் மகனின் சம்பளம் கணக்கில் வராது. பிள்ளைக்காக என்றால் கணக்கே இல்லை. வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி கிடைக்கிறவருக்கும் அந்தச் சோதனை இல்லை. ஐயாவுக்கு அது கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கடிதம் ஒன்றே அவருடைய வறுமைக்குச் சாட்சி. என்றாலும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், கொண்டுவரவேண்டியவை என்ற பட்டியல் எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்டிருந்தது. கெட்ட எண்ணத்தில் அல்ல. ஒரு பட்டியல் அடித்து வைத்தால் வேலை சுலபம். பல அநியாயங்கள் அப்படித்தான் நடக்கின்றன.

ஐயாவின் கேள்விக்கு இரண்டு பாதி இருக்கிறது. ஒரு பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. “நான் என்ன பொய்யனே?” என்றும் கேட்டார். அத்தாட்சி கேட்பது அவமானம் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். சைவர்கள் அப்படி நினைக்கக் கூடாது. பெரியபுராணத்தில் சுந்தரரின் கலியாணப் பந்தலுக்குள் ஒரு கிழவர் நுழைந்து, இவன் எனக்கு அடிமை என்று வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழவரோ, அது படிதான், மூல ஓலை இருக்கிறது என்கிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை அந்த மூல ஓலையை வாங்கி, பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஏட்டோடு ஒப்புநோக்கிய பிறகுதான் தீர்ப்புச் சொன்னது. வந்தவர் சிவபெருமான். ஆண்டவனிடமே அத்தாட்சி கேட்ட சபை அது. ஊர்ப்பணத்தைக் கையாளும் கவுன்சில் கேட்காமல் இருக்க முடியுமா? (படியைக் கிழித்தாலும் மூலம் எங்கோ பத்திரமாக இருக்கும் என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. அழித்துவிட்டோம் என்று எந்த அலுவலகம் சொன்னாலும் எனக்கு இந்தக் கிழவர் ஞாபகத்துக்கு வருவார்.)

மற்றப் பாதி கனமானது. உதவி கேட்கிறவன் தன்னை எவ்வளவு திறந்து காட்டவேண்டும்?

இந்த நாட்டுக்கு இது புதிய கேள்வி அல்ல. இன்றைய கவுன்சில்களுக்கு முன்னே ஏழைகளைப் பார்த்துக்கொண்டது அந்தந்தத் தேவாலயப் பங்கு, அதாவது பரிஷ். 1697ஆம் ஆண்டுச் சட்டப்படி, பரிஷிடம் உதவி வாங்குகிறவர் வலது தோளில், சிவப்பு அல்லது நீலத் துணியில் ‘பி’ என்ற எழுத்தைத் தைத்துக்கொண்டு திரியவேண்டும். பரிஷின் முதல் எழுத்தும் பக்கத்தில் இருக்கும். 1810இல்தான் அந்தச் சட்டம் போனது. பிறகு 1931இல் வேலையில்லாதவர்களின் வீடுகளுக்குள் அதிகாரிகள் போய், யார் எவ்வளவு உழைக்கிறார்கள், என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்த்தார்கள். அந்தச் சோதனை விட்ட வடு இங்கே நெடுங்காலம் ஆறவில்லை. தந்தது ரொட்டிக்கான காசு, எடுத்தது முகம்.

மறுபக்கத்தில், ஜெருசலேம் கோயிலில் இரகசிய அறை ஒன்று இருந்ததாக யூதர்களின் மிஷ்னா சொல்கிறது. கொடுப்பவர்கள் அதற்குள் இரகசியமாக வைத்துவிட்டுப் போவார்கள். நொடித்துப்போன நல்ல குடும்பத்தார் இரகசியமாக எடுத்துக்கொள்வார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. தருமத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லது, மறைத்து ஏழைக்குக் கொடுப்பது அதைவிட நல்லது என்பது குர்ஆனின் போதனை. ஆனால் இவையெல்லாம் காசு கொடுக்கும் விஷயம். குளியலறை கட்டிக்கொடுக்க இரகசிய அறை உதவாது. யாரோ ஒருவர் வந்து வாசலின் அகலத்தை அளக்கவேண்டும். தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஐயா எப்படிக் காலைத் தூக்குகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். அதற்குத்தான் ஓ.டி. எனப்படும் தொழில்வழிச் சிகிச்சையாளர் வருகிறார். இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள், நேரத்துக்குப் போய்ச் சேர முடிகிறதா என்று அவர் கேட்பார். மனைவியிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லவேண்டி வரும். அறியாமல் பராமரிக்க முடியாது.

எனவே எதையும் சொல்லாமல் உதவி பெறும் உரிமை என்று ஒன்றை நான் கேட்கவில்லை. சொன்னது யாருடையது என்பதுதான் என் கேள்வி. மானியத்துக்குக் கொடுத்த விலையா? அப்படியென்றால் கவுன்சில் அதை என்னவும் செய்யலாம். நன்கொடையா? அதுவும் அல்ல, ஐயா மனமுவந்து தரவில்லை. நம்மிடம் இதற்குச் சரியான சொல் ஒன்று உண்டு: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைத்தபோது மாதரி கண்ணகிக்குச் சொந்தக்காரி ஆகவில்லை, பொறுப்பாளி ஆனாள். கோவலன் கொலையில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லை. இருந்தும் அடைக்கலத்தைக் காக்கத் தவறினேன் என்று தீயில் விழுந்தாள். எந்த அதிகாரியும் தீயில் விழவேண்டாம். ஆனால் தன் பிழை இல்லாதபோதும் தன் பொறுப்பு என்று நினைக்கிற அந்த மனம் வேண்டும்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வறண்ட மொழியில் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. எந்த வேலைக்கு வாங்கினாயோ அதற்கே பயன்படுத்து. தேவைக்கு மேல் வாங்காதே. தேவை முடிந்தபின் வைத்திருக்காதே. உடல்நலத் தகவலுக்கு இன்னும் கடுமையான காவல். இதன்படி, வேலை செய்ய வரும் கொத்தனாருக்கு விலாசமும் தொலைபேசி எண்ணும் வரைபடமும் போதும், ஐயாவின் வியாதி அவருக்கு வேண்டாம். மோசடி பிடிக்க ஓய்வூதியப் பதிவுகளையும் கவுன்சில் பதிவுகளையும் நாடளாவிய முறையில் இரண்டு ஆண்டுக்கு ஒருதரம் ஒப்பிடுகிறார்கள். பொதுப்பணம், அது தேவைதான். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இத்தகைய விண்ணப்பங்களில் கவுன்சில் பெரும்பாலும் உங்கள் சம்மதத்தின் பேரில் தகவல் எடுப்பதில்லை, தன் சட்டக் கடமையின் பேரில்தான் எடுக்கிறது. கேட்டால் சர்வாதிகாரம் போல இருக்கும். எனக்கு அதுவே நேர்மையாகப் படுகிறது. வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த ஒருவரிடம், சம்மதமா என்று பெட்டியில் சரி போடச் சொல்வது நாடகம். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழி எங்கே? சுமையை அவர் கையெழுத்தின் மேல் ஏற்றாமல் தன் தலையில் வைத்துக்கொள்கிறவன்தான் அடைக்கலம் ஏற்கிறவன்.

எங்கள் ஆட்களின் தயக்கத்துக்கு வேறொரு வேரும் இருக்கிறது. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வாக்குப் போடுவதற்காகக் கொடுத்த பெயர், எந்த வீட்டை எரிப்பது என்று காட்டியது. பின்னர் போர்க்காலத்தில், வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்த படிவங்களும் எங்களுக்குத் தெரியும். “இந்த வீட்டில் வசிப்பவர்கள்” என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிடுகிற பல அம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன். கவுன்சில் மேசையில் இருக்கும் இளைஞனுக்கு இது தெரியாது, தெரிய நியாயமும் இல்லை. ஒரு வேலைக்குக் கொடுத்தது இன்னொரு வேலைக்குப் போகக் கூடாது என்ற விதி அவனுக்குப் பயிற்சி வகுப்பில் வந்த ஒரு வரி. எங்களுக்கு அது எரிந்த தெரு.

ஆனால் முழுக்கக் கவுன்சிலைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. நம் இரகசியங்கள் கணினியிலிருந்து கசிவதைவிட மண்டபத்திலிருந்து கசிவது அதிகம். தாத்தாவின் சிறுநீர்ப் பிரச்சினையைப் பதின்மூன்று வயதுப் பேரன் மொழிபெயர்க்கிறான். மொழிபெயர்க்க வந்தவர் அடுத்த ஊர்க்காரராக இருந்தால், வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் கதை கோயில் வீதியைச் சுற்றி வந்துவிடும். நிரப்பிய படிவங்களின் பிரதிகளைப் பூட்டில்லாத அலுமாரியில் ஆண்டுக்கணக்காக அடுக்கி வைக்கும் வழக்கம் நம் சங்கங்களிலும் உண்டு.

ஐயாவின் பென்ஷன் கிரெடிட் கடிதத்தை மட்டும் இணைத்து, மற்றது ஏன் தேவை என்று கேட்டு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினோம். தேவையில்லை என்று பதில் வந்தது.

நீங்களும் கேளுங்கள். எந்தத் தாள் எதற்கு, யாருக்குப் போகும், எவ்வளவு காலம் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். உங்களைப் பற்றி வைத்திருப்பதன் பிரதியைக் கேட்டால் கவுன்சில் பொதுவாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிப் பேச்சுக்குப் பேரனைக் கூட்டிப்போகாமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். சங்கம் நடத்துகிறவர்கள் இந்தக் கிழமையே அந்த அலுமாரியைத் திறந்து, பழைய பிரதிகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுங்கள்.