பிடிப்பதும் பெறுவதும்

மீனையும் பிடிக்கிறோம், படத்தையும் பிடிக்கிறோம். இரு செயல்களுக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லை வழங்கியிருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிற்பவருக்கு அது வெறும் சொல்லொற்றுமையாகத் தோன்றாது. விடியற்காலையில் அங்கே வலையோடு வருவோரும் உளர். புகைப்படக் கருவியோடு வருவோரும் உளர். இரு சாராரும் ஏரியிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டே திரும்புகின்றனர். முன்னவர் எடுத்தது கூடையில் தெரிகிறது. அதற்கு எடை உண்டு, விலை உண்டு, ஊர்க் கட்டுப்பாடும் உண்டு. பின்னவர் எடுத்ததோ எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர் சென்ற பின்னரும் நாரை நின்ற இடத்திலேயே நிற்கிறது. வலை இழுத்தவர் இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஏரியில் ஒரு துளியும் குறைவதில்லை. அப்படியானால் படம் பிடிப்பவர் எவருக்கும் எக்கடனும் படவில்லை என்று சொல்லிவிடலாமா? இக்கட்டுரை ஆராய விழையும் வினா இதுவே.

விடைபெறும் பருவம்

இளவேனில் என்றதும் மாந்தளிரும் குயிலோசையும் தென்றலும் நம் நினைவுக்கு வருகின்றன. பழவேற்காட்டு ஏரியின் இளவேனில் வேறு வகையானது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்த பெருமை இதற்குண்டு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுகிறது. சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டரே. இத்தகைய ஆழமற்ற நீர்ப்பரப்பில் மழை ஓய்ந்து வெயில் ஏறும்போது எல்லாமே மாறிவிடுகின்றன. ஆறுகள் வறள்கின்றன, நீர் உட்சுருங்குகிறது, உப்பின் கரிப்பு ஏறுகிறது, முகத்துவாரத்தில் மணல் மேடிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் வந்திறங்கிய பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் அளைந்து, பாசியையும் நுண்ணிறால்களையும் வடித்து உண்கின்றன. அந்த உணவின் நிறமிகளே அவற்றின் சிறகுக்குச் செந்நிறம் தருபவை. மாசியும் பங்குனியும் கழியக் கழிய அவற்றின் கூட்டம் கரைகிறது. உள்ளான்கள் மத்திய ஆசியாவுக்கும் சைபீரியாவுக்கும் புறப்படுகின்றன. சித்திரையில் வேம்பு பூக்கும்போது ஏரி ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடக்கிறது. பிற நிலங்களில் வரவின் பருவமாகிய இளவேனில் இங்கே விடைபெறும் பருவமாகிவிடுகிறது. இம்மாற்றத்தை ஒரு நாள் விருந்தினராக வந்து செல்பவர் காண இயலாது. அவருக்குக் கிடைப்பது செந்நிறச் சிறகுகளின் ஒரு படம் மட்டுமே.

தொண்ணூறு நாள்

ஏரியோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைக்கு இரவுப் பணிக்குச் சென்றுவரும் இளைஞர் ஒருவரை நான் அறிவேன். ஓராண்டு மாசித் தொடக்கத்திலிருந்து சித்திரை முடிய, பணி முடிந்து வீடு திரும்பும் வழியில், நாள்தோறும் ஒரே கரையில் நின்று தம் கைப்பேசியால் ஒரு படம் எடுத்தார். ஏறத்தாழ தொண்ணூறு படங்கள். தனித்தனியே பார்த்தால் அவற்றுள் பரிசு பெறத்தக்கது ஒன்றுமில்லை. வரிசையாகப் பார்த்தபோதோ ஒரு பருவமே கண்முன் நடந்து சென்றது. நடுநீரில் நின்ற கழிகள் நாளடைவில் சேற்றில் நின்றன. தொலைவில் செங்கோடாகத் தெரிந்த பறவைக் கூட்டம் புள்ளிகளாகி மறைந்தது. பச்சையாயிருந்த உமரிச் செடி சிவந்தது. பூவரச நிழலில் வலை பழுது பார்ப்போர், கருவாடு உலர்த்தும் பெண்கள், பனையோலை முடையும் இசுலாமியத் தாய்மார், சீருடையணிந்து ஆலை வேனுக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள், நுங்கு வண்டி உருட்டும் சிறுவர் என அன்றாட வாழ்வு அவற்றில் தானாகவே வந்து சேர்ந்திருந்தது.

புகைப்படக் கலையின் தொடக்கத்திலேயே இதற்கொரு பாடம் உண்டு. 1838ஆம் ஆண்டு டாகர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிசு நகரின் பரபரப்பான தெரு ஒன்றைப் படமாக்கினார். ஒளி பதியப் பல நிமிடங்கள் தேவைப்பட்ட காலம் அது. ஆதலால் விரைந்தோடிய வண்டிகளும் மாந்தரும் ஒன்றும் பதியவில்லை. தெருவோரத்தில் நின்று காலணிக்கு மெருகேற்றிக்கொண்ட ஒருவரும், அவர் காலடியில் பணி செய்த தொழிலாளியும் மட்டுமே தெரிகின்றனர். படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று இவர்களையே சொல்கிறார்கள். நின்றவரைக் கருவி கண்டது, விரைந்தவரைக் காணவில்லை. கருவிக்கு உள்ள இந்த இயல்பு கருவியைப் பிடித்திருப்பவருக்கும் பொருந்தும். நிற்காதவருக்கு எதுவும் பதிவதில்லை.

சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் இவ்வாறு நின்று பார்த்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வராகிய அவர், பல கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட கனத்த கேமராவோடு காடுகளில் நடந்தவர். கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பியவர். 1950 முதல் 1996இல் மறையும் வரை 46 ஆண்டுகள் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். யானைக்கு அளித்த அதே கவனத்தை அணிலுக்கும் காகத்துக்கும் அவர் அளித்தார். அரியது மட்டுமே காணத்தக்கது என்ற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை.

ஒரு பெண்ணின் கேள்வி

அந்த இளைஞரின் படங்கள் பலவற்றில் ஓர் இருளர் பெண் விளிம்பில் தென்படுகிறார். இடுப்பளவு நீரில் குனிந்து, பறியைப் பற்களால் கவ்விக்கொண்டு, சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கிறவர். அவரைப் படம் எடுக்க வேண்டும் என்று இளைஞர் நினைத்ததில்லை. அவர் அங்கே இருந்தார், அவ்வளவே. பங்குனியில் ஒரு நாள் அவரே கரையேறி வந்து கேட்டார்:

"நாங்க புடிக்கிறது வவுத்துக்கு. நீ தெனமும் புடிக்கிறியே, அது எதுக்கு தம்பி?"

குற்றம் சாட்டும் குரலன்று அது. உண்மையிலேயே அறிய விரும்பிய குரல். இளைஞரிடம் விடையில்லை. இதை அவர் என்னிடம் சொன்னபோது, ஏரிக்கரையில் வழங்கும் 'பாடு' என்ற சொல்லை நினைத்துக்கொண்டேன்.

நம் வழிபாட்டு மொழியில் பாடு என்றால் துன்பம். ஆண்டவருடைய பாடுகள் என்கிறோம். உழைப்போர் வழக்கில் பாடுபடுதல் என்றால் உழைத்தல். பழவேற்காட்டு மீனவர் வழக்கிலோ பாடு என்பது மீன்பிடி முறை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டுகளுக்கு இறால் கிடைக்கும் இடங்கள் முறைவைத்துப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவர் நாளை அதைப் பிறருக்கு விட வேண்டும். பிடிக்கும் உரிமையோடு விட்டுக்கொடுக்கும் கடமையும் பிணைந்திருப்பதே இம்முறையின் அறம். எனினும் இதற்கும் ஒரு விளிம்பு உண்டு. குறிப்பிட்ட சமூகத்தாரின் குடும்பத் தலைவர்களுக்கே உரியதாகையால் பிறர் இதற்கு வெளியே நின்றனர். அதனால் பூசல்களும் எழுந்தன. கைகளால் இறால் தேடும் இருளருக்குப் பாடு கிடையாது. அறம் வகுத்த வட்டத்துக்கு வெளியிலும் மனிதர் இருப்பர் என்பதை எந்த அறமும் மறக்கலாகாது. படத்தின் சட்டகமும் அத்தகையதொரு வட்டமே.

மேலும், இக்கரை பலவகைப் 'பிடித்தல்'களைக் கண்ட கரை. 17ஆம் நூற்றாண்டில் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர் துணிகளை மட்டும் கப்பலேற்றவில்லை. மனிதரையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினர். அவர்களுடைய கல்லறைகளின் வேலைப்பாட்டை இன்று பயணிகள் விரும்பிப் படம் எடுக்கின்றனர். கல்லறையும் அற்றுப் போனவர்களுக்குப் படம் ஏது?

புனித அகுஸ்தினார், பொருள்களைப் பயன்படுத்தத்தக்கவை என்றும் துய்க்கத்தக்கவை என்றும் பிரித்தார். மனிதரை எதில் சேர்ப்பது என்று வந்தபோது அவரும் நின்று யோசித்தார். அந்தத் தயக்கம் படம் பிடிப்போர் அனைவருக்கும் வேண்டும். நீரில் குனிந்திருக்கும் பெண் நம் படத்துக்குப் பயன்படும் பொருளும் அல்லர். நம் கண் துய்க்கும் காட்சியும் அல்லர். நாம் பார்ப்பதைப் போலவே நம்மைப் பார்ப்பவர்.

அவ்விளைஞர் பொன்னேரியில் ஒரு படத்தை அச்சிட்டு அப்பெண்ணிடம் கொடுத்தார். அவர் முதலில் பார்த்தது தம் முகத்தையன்று. நீர் நின்ற அளவை. "இது அமாசைக்கு மின்னாடி எடுத்தது" என்று நாளைச் சொல்லிவிட்டாராம். படம் எடுத்தவர் அறியாததைப் படத்தில் இருந்தவர் அறிந்திருந்தார். அன்று முதல் அவர் சுட்டிக்காட்டிய இடங்களும் படங்களில் சேர்ந்தன. திருப்பிக் கொடுத்த பிறகே அந்தப் படம் முழுமையடைந்தது என்பேன்.

கூழைக்கடாவும் கைகளும்

படங்கள் இல்லையேல் உலகம் அநீதியை அறியாதே, அனுமதியும் தயக்கமும் பார்த்துக்கொண்டிருந்தால் உண்மை புதைந்துபோகாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களே பலரை உலுக்கின. அவை வந்திராவிடில் அத்துயரம் இவ்வளவு விரைவாக வெளியே தெரிந்திராது. ஆனால் அதே நாள்களில் மீனவர்கள் வாளிகளாலும் கைகளாலும் எண்ணெயை அள்ளிய படங்களும் வெளிவந்தன. சிறகில் படிந்த எண்ணெய்க்கு இரங்கிய மனம், கையில் படிந்த எண்ணெய்க்கு அதே அளவு இரங்கியதா? இரக்கத்தையும் அழகே வழிநடத்துமானால் அழகற்ற துன்பத்துக்கு நீதி கிடைப்பது எங்ஙனம்?

வேறொன்றும் உண்டு. ஏரியும் கழிமுகமும் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் பல ஆண்டுகளாகப் படிந்தது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர் எதிர்ப்பதும், கரையும் முகத்துவாரமும் மெல்ல மெல்ல மாறிவிடும் என்ற அச்சத்தினாலேயே. மெல்ல நிகழும் கேட்டுக்குப் பரபரப்பான படம் கிடையாது. அதற்குச் சாட்சி சொல்ல வல்லவை, ஒரே இடத்தில் நாள்தோறும் எடுக்கப்பட்ட எளிய படங்களே. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் விடுமுறையில் ஆர்வலர்கள் ஆண்டுதோறும் பறவைகளைக் கணக்கிட்டு வருவதன் பயனும் இத்தகையதே. ஒரு நாளின் கணக்கு செய்தி. பல ஆண்டுகளின் கணக்கு சான்று.

பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய 'பாரி' இணைய ஆவணக் காப்பகத்தின் புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார், எண்ணூர்ப் பகுதியில் கைகளால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களின் வாழ்வைப் பதிவு செய்தவர். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படக் கலையைக் கற்பித்தும் வருகிறார். இதுவே மேலான வழி என்று கருதுகிறேன். காலமெல்லாம் சட்டகத்துக்குள் நின்றவர்களின் கைக்குக் கருவி மாறும்போது, எதைப் பிடிப்பது, எதை விடுவது என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர்.

படம் பிடிப்போர்க்கும் ஒரு பாடு

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இது: படம் பிடிப்பவர் கடன்பட்டவரே. அழகுக்காக மட்டும் வந்தவர் அக்கடனை உணர்வதில்லை. நாள்தோறும் வருபவர் உணராதிருக்க முடிவதில்லை. பறவைகள் எழுந்து பறந்தால் படம் நன்றாயிருக்கும் என்று படகை அவற்றின் நடுவே செலுத்துவோர் உண்டு. நெடும்பயணத்துக்காக உடலில் கொழுப்புச் சேர்த்துவரும் உயிர்களின் இரை நேரத்தை அது பறிக்கிறது. அங்கே விட்டுவிடுதலே அறம். மனிதரைப் படம் எடுக்குமுன் ஒரு சொல் கேட்பதும், எடுத்ததை அவர்களிடம் காட்டுவதும் அறம். ஆலைப் புகைபோக்கி காட்சியைக் கெடுக்கிறதென்று அதை விலக்கிக் கருவியைத் திருப்புவதைவிட, பூநாரையையும் புகைபோக்கியையும் ஒரே சட்டகத்துக்குள் வைக்கும் துணிவு அறம்.

ஏரியைக் காப்பாற்றப் படங்கள் மட்டும் போதா. சட்டங்களும் வேண்டும், அவற்றைச் செயற்படுத்தும் மனமும் வேண்டும். ஆனால் நாம் காணாத ஒன்றை நம்மால் நேசிக்கவும் இயலாது, காக்கவும் இயலாது. காண்பதற்கு முதல் தேவை விலையுயர்ந்த கருவியன்று. மறுநாளும் அதே கரைக்கு வரும் கால்களே. நம் வீட்டருகே ஒரு குளமோ கால்வாயோ ஒற்றைப் புங்கமரமோ இருக்கும். இந்த இளவேனிலில் தொண்ணூறு நாள் அதன் எதிரே சிறிது நேரம் நிற்போம். முதல் சில நாள் நாம் எதையோ பிடித்ததாக எண்ணுவோம். பின்னர், நாம் பெற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கத் தொடங்கும்.