அரங்கன் கண் விழிக்கும் வேளை

ஸ்ரீரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப தரிசனம் கண்டிருக்கிறீர்களா, சகோதரிகளே? பசுவும் யானையும் சந்நிதி முன் நிற்க, திரை விலகும். அறிதுயில் கொண்ட அரங்கனுக்கும் துயிலெழ ஒரு நேரம் உண்டு!

நம் உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. காலை வெளிச்சம்தான் தினமும் அதைச் சரிசெய்கிறது. வெளிச்சமே புகாத இடத்தில்? மதுரை காமராஜர் பல்கலைக்கழக விஞ்ஞானி எம்.கே.சந்திரசேகரன் குழுவினர், இருண்ட குகைக்குள் கூண்டில் வைத்த வௌவால்களை ஆராய்ந்து 1981-ல் எழுதினார்கள். குகையிலிருந்து கூட்டம் வெளியே பறந்துபோகும் நேரத்தையே கூண்டில் இருந்தவையும் பின்பற்றின. தனித்து விடப்பட்டவையோ நேரம் பிசகின.

இதுதானே சத்சங்கம்! வீட்டில் எல்லோரும் நேரம் தவறி உறங்குகிறார்களா? கடிந்துகொள்ளாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஜன்னலைத் திறந்து, விளக்கேற்றுங்கள். வீடு மெல்ல உங்களோடு விழித்துக்கொள்ளும்.