பயத்திற் பிறந்த பொய்

செல்வம் மிக்க நிறுவனமொன்றிடம் எளியவன் கூறும் பொய், பொய்யாகுமா? சுரண்டுவோரிடம் உண்மை பேசவேண்டிய கடப்பாடு நமக்கில்லை என்று முற்போக்குச் சிந்தனையாளர் சிலர் இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடுகின்றனர். நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை.

இங்கிலாந்தின் சமர்செற் தாழ்நிலங்கள் 2013-14 மாரியில் வாரக்கணக்காக வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. அத்தகைய நிலத்துக் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சேற்றிலும் மேட்டிலும் ஓடி, கால்நடைத் தீனியும் வேலிக்கட்டையும் சுமக்கும் சிறு நாற்சக்கர வண்டியே அவருக்குக் கையும் காலும். இரவில் ஏறிய வெள்ளம் அதனை மூழ்கடித்துவிடுகிறது. எஞ்சின் எண்ணெய் நீருடன் கலந்து பால்போல் வெளுத்துவிட்டது, மின்கம்பிகளெங்கும் சேறு. வெள்ளச் சேதத்துக்கும் காப்புறுதி செய்துள்ளமையால் நட்டஈடு பெற அவருக்கு முழு உரிமையுண்டு. ஆயினும், உறங்கிவிட்டதாகச் சொன்னாற் கவனக்குறைவென்று மறுப்பார்களோ என அஞ்சி, ‘வண்டியை மேட்டுக்கு ஏற்ற முயன்றேன், பாதை அடைபட்டிருந்தது’ என்று எழுதிவிடுகிறார். அவருடைய அயலவரோ, முன்னரே பழுதுற்றிருந்த பற்சக்கரப் பெட்டியையும் வெள்ளத்தின் கணக்கிற் சேர்த்துவிடுகிறார்.

இவ்விரு பொய்களும் ஒன்றல்ல. அயலவரின் பொய் தமக்கு உரித்தில்லாத பணத்தைக் கேட்கிறது. அச்சுமை பங்குதாரர் மீது மட்டும் விழுவதன்று. நாளை கூடிய கட்டணமாக மற்றைய கமக்காரர் தலையிலும் விழும். இலாபத்தை நீக்கிப் பார்த்தால், காப்புறுதி என்பது ஒருவரின் இழப்பைப் பலர் தாங்கும் ஏற்பாடே. அதிற் களவெடுப்பவன் முதலாளியை வென்றவனல்லன். தன்னைப் போன்றோரையே ஏமாற்றியவன்.

முதலாவது பொய்யை எவ்வாறு மதிப்பது? 2010 ஜனவரியில் ‘டி. சி. மேர்வெஸ்ரோன்’ என்னும் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. அபாயமணி ஒலித்தும் மாலுமிகள் பொருட்படுத்தவில்லையென உரிமையாளர் தரப்பு பொய்யுரைத்தது. இழப்போ உண்மையானது. முப்பது இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட கோரிக்கையைக் கீழ்மன்றங்கள் முற்றாக நிராகரித்தன. 2016இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், நால்வருக்கு ஒருவராக, அம்முடிவை மாற்றியது. உரிமையைக் கூட்டாத பொய் உரிமையை அழிக்காது என்பதே தீர்ப்பின் சாரம். இது தகாத கோரிக்கையாளர்க்கும் துணிவளிக்கும் என மாறுபட்ட நீதிபதி மான்ஸ் பிரபு எச்சரித்தார். அவ்வெச்சரிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், பெரும்பான்மையோரின் பக்கமே நீதி உள்ளதெனக் கருதுகிறோம்.

1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு, நன்னம்பிக்கை இரு தரப்பாரையும் பிணிக்கும் என வகுத்தார். அவ்வழக்கில் வென்றவர் காப்புறுதி செய்தவரே என்பது கவனத்திற்குரியது. பின்னாளில் அந்நெறி பெரிதும் நிறுவனங்களின் கைவாளாயிற்று. நுண்ணெழுத்து நிபந்தனைகளால் அச்சத்தை விதைத்தவனுக்கு, அவ்வச்சத்திற் பிறந்த பொய்யிலும் பங்குண்டு.

ஆயினும் அப்பொய்யை நாம் போற்றமாட்டோம். உரிமையோடு கேட்கவேண்டியதை அது யாசகமாக்கிவிடுகிறது. பகலெல்லாம் உழைத்தவன் இரவில் உறங்குவது குற்றமன்று. அதை மறையாது எழுதும் துணிவு உழைப்பாளிக்கும், எழுதியபின் ஈட்டை மறுக்க இடந்தராத சட்டம் சமுதாயத்துக்கும் வேண்டும். ஒன்றில்லாது மற்றொன்று நிலைக்காது.