தாங்கும் என்பதால்
ஆரோக்கியமான பெட்டா மீனை அடையாளம் காண்பது சுலபம். விரலைக் காட்டினால் செவுள் விரித்துச் சீறும்; துடுப்பு சுருங்கியிருக்காது; உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்காது. சரி, பக்கத்துக் குவளையில் அடியில் கிடக்கிறதே, அது? பாவம்னு வாங்கினால் கடைக்காரருக்கு அதுவும் ஒரு விற்பனைதான். காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். வாங்காவிட்டால் அது அங்கேயே சாகும்.

பெட்டாவின் தலைக்குள் லாபிரிந்த் என்றோர் உறுப்பு உண்டு. அதனால் மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். ஆக்சிஜன் குறைந்த வயல்நீரிலும் பிழைக்கவைத்த அந்தத் திறனைத்தான் நாம் குவளைக்குச் சாக்காக்கினோம்: "அது தாங்கும் லா." தாங்குவது வேறு, வாழ்வது வேறு. மனிதர்களிடமும் இதே கணக்கைத்தானே போடுகிறோம்?

ஆகவே மீனுக்கு முன் கடையைப் பாருங்கள். தண்ணீர் மாற்றுகிறார்களா? நோயுற்றதைத் தனியே எடுத்துப் பராமரிக்கிறார்களா? இல்லையென்றால், வெறுங்கையோடு திரும்புவதும் இரக்கம்தான்.