வெறுப்பில்லாமல் நடக்கும் அநீதி



மனதில் வெறுப்பே இல்லாத ஒருவரின் கையாலும் அநீதி நடக்குமா?

அமெரிக்காவில் 2006 முதல் 2013 வரை திரட்டிய மருத்துவச் செலவுக் கணக்கெடுப்பை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். காப்பீடு, உடல்நிலை வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும், கறுப்பினத்தவர் வெளிநோயாளராக நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. ஹிஸ்பானியருக்கு 40 சதவீதம் குறைவு. நரம்பு நோயுள்ள கறுப்பினத்தவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் அதிகம் போகிறார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். வலிப்பு நோய்க்கு மருந்தளவை மாதக்கணக்கில் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்ய முடியும். அந்த வேலை நடப்பது வெளிநோயாளர் பிரிவில். அது கிடைக்காதவரை, வலிப்பு வந்த இரவில் ஆம்புலன்ஸ் தூக்கிச் செல்கிறது. வலிப்பை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அடுத்த வலிப்பு வரும்வரை.

நிபுணரிடம் அனுப்பாத மருத்துவர் யாரையும் வெறுத்திருக்க வேண்டியதில்லை. கைநடுக்கத்தை முதுமை என்று எண்ணியிருக்கலாம். நோயாளியின் மொழி புரியாமல் அவசரமாக முடித்திருக்கலாம். நிய்யத் கெட்டதல்ல, சரி. நோயாளியின் ஹக் பறிபோனது போனதுதானே!

ஆனால் பழியை மருத்துவர் தலையில் மட்டும் போட எனக்கு மனம் வரவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் வந்தவர்களின் பெயர்தான் இருக்கிறது. வராதவர்களைத் தேடுவது யார் பொறுப்பு?